தெரேசம்மா கையெழுத்துப் போடவில்லை

தெரணியகலைக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு ரப்பர் பெக்டரி இருக்கிறது. காய்ந்த வெள்ளை ரப்பர் ஷீட்டுகளை அங்கே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். மரப்பட்டைத் துணுக்கோ மணலோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார்கள். தெரேசம்மா இருபத்திரண்டு வருடமாக அந்த வேலைதான் செய்கிறாள். அவள் பார்த்து முடித்த ஒவ்வொரு கட்டிலும் ஏழாம் நம்பர் சீட்டுக் கட்டியிருக்கும். அவை கொழும்பிலிருந்து கப்பலேறி, ஏதோ ஒரு குளிர் நாட்டில் காலில் போடும் சப்பாத்துக்கு அடிப்பாகமாகும்.

எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புகிறவள் அல்ல அவள். மீன்காரனின் தராசை அடியில் குனிந்து பார்ப்பாள். மகள் ரோஷானி கிளாசுக்குப் போகிறேன் என்றால், பையில் கொப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். "நீ பொலிஸ்ல சேந்திருக்கணும் புள்ள" என்று அவள் கணவன் இருதயராஜ் சிரிப்பான்.

இருதயராஜ் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். இரண்டு மூன்று வருடமாக ரப்பர் மரங்களுக்கு ஒரு நோய். காலமில்லாத காலத்தில் இலை கொட்டுகிறது. பாதிப் பேர் வெட்டுவதை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

"முந்நூறு மரம் வெட்டியும் ஒரு வாளி நெறயல" என்றான் ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தபடி.

அந்தப் பேச்சு தெரேசம்மாவின் மனசில் முள்ளாய்த் தைத்தது. பால் குறைகிறது. அவர்கள் மேசைக்கு வரும் ஷீட்டும் குறைகிறது. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகள் குறையவில்லையே?

அதற்குப் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். பெட்டி ஏற்றிப் போக மேலே வெறுமையாக வரும் லொறி, இப்போது பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு ஏறியது. சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் எல்லோரும் லயத்து வீடுகளுக்குப் போயிருக்கும்போதுதான் வந்தது. பின்பக்க ஸ்டோரில் எதையோ இறக்கினார்கள். பிறகு அங்கே பெரிய பூட்டுத் தொங்கியது. குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. எந்த நாட்டு எழுத்தோ.

பெக்டரியைப் பார்க்கும் கஜேந்திரனிடம் நேராகவே கேட்டாள்.

"ஐயா, பின் ஸ்டோர்ல என்னாங்க இருக்கு?"

"பாய் செய்யுற கம்பெனிக்கு வந்த ரப்பர். எடமில்லன்னு இங்க வச்சிருக்கு" என்றார் அவர். பதில் வேகமாக வந்தது. கேள்விக்கு முன்பே தயாராக இருந்தது போல.

இரண்டு மாதம் கழித்து அவளை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு ஷீட்டு விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஏழாம் நம்பர் சீட்டு. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சப்பாத்தில் ஒட்டிய பிறகு மஞ்சளித்து வெடிக்கிறதாம்.

"ஒங்க கைல வந்த பிழை" என்று கஜேந்திரன் சிங்களத்தில் எழுதிய ஒரு கடிதத்தை நீட்டினார். "சும்மா ஒரு ஒப்பம். வேலைக்கு ஒண்ணும் வராது. ரோஷானிக்கு ஒஃபிஸ்ல ஒரு எடமும் பாத்து வச்சிருக்கேன்."

கடிதத்தை விட அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது. கேட்காத உதவி எதற்கு வருகிறது?

அவள் ஷீட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். பட்டை இல்லை, மணல் இல்லை. ஆனால் இருக்க வேண்டிய ஒன்றும் இல்லை. அவர்கள் பெக்டரியின் கடைசி ரோலரில் ஒரு வெட்டுக்காயம் உண்டு. எந்த ஷீட்டானாலும் முழத்துக்கு ஒரு தடவை நகம் கீறினாற்போல் ஒரு கோடு விழும். இந்த ஷீட்டில் அந்தக் கோடு எங்கேயும் இல்லை.

"வாசிச்சுட்டுச் சொல்றேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரி வெள்ளையம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவள் தெரேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஒப்பந்தானே தெரேசக்கா? ஓடர் போச்சுன்னா பெக்டரிய பூட்டிருவாங்க. எம்புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க."

தெரேசம்மா நினைத்துத்தான் பார்த்தாள். இன்று ஒப்பம் வைத்தால், அடுத்த பிழைக்கும் ஏழாம் நம்பர்தான். அதற்கடுத்ததற்கு வெள்ளையம்மாவின் நம்பராக இருக்கலாம். ஒருவேளை இவளையும் அவர்தான் பேசச் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்துக்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

அந்தக் கிழமையே, வாங்குகிறவர்களின் சார்பில் கொழும்பிலிருந்து நிரோஷா என்ற பெண் வந்தாள். பூட்டிக் கிடந்த பின் ஸ்டோரைத் தாண்டி, மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் தெரேசம்மாவிடம் நின்று, ஏழாம் நம்பர் யார் என்று சிங்களத்தில் கேட்டாள். கஜேந்திரன் இரண்டடி பின்னால் நின்றார்.

தெரேசம்மா யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. அன்று உருட்டிக் காய்ந்த ஷீட்டு ஒன்றை எடுத்தாள். திரும்பி வந்ததை ஒஃபிசிலிருந்து கொண்டுவரச் சொன்னாள். இரண்டையும் ஜன்னலில் பக்கத்துப் பக்கமாகத் தொங்கவிட்டாள்.

"இது நம்ம ரோலர்ல வந்தது மிஸ். இந்தக் கோட்டத் தொட்டுப் பாருங்க. அதுல தேடுங்க" என்று சிங்களத்திலேயே சொன்னாள்.

நிரோஷா விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். இரண்டாவது ஷீட்டில் இரண்டு தடவை ஓட்டினாள். பிறகு திரும்பி, "பின் ஸ்டோர் சாவி வேணும்" என்றாள்.

கஜேந்திரன் உண்மையைச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் பால் போதவில்லை. கண்டெய்னருக்கு நாள் குறித்தாகிவிட்டது. தவறினால் ஓடர் போய்விடும் என்ற பயத்தில், வேறு தேவைக்கென்று இறக்குமதி செய்த மலிவு ரப்பரைத் தோட்டத்துப் பெயரில் பெட்டி கட்டியிருக்கிறார். "பெக்டரிய காப்பாத்தத்தான் செஞ்சேன்" என்றார். அது பொய்யில்லை என்று தெரேசம்மாவுக்கும் பட்டது. ஆனால் அதற்கு அவள் நம்பர் எதற்கு?

ஓடர் முழுதாகப் போகவில்லை, பாதியானது. இந்தத் தோட்டத்துப் பாலில் செய்தது மட்டும் போதும் என்றார்கள் வாங்குகிறவர்கள். பன்னிரண்டு பெண்களுக்குக் கிழமையில் மூன்று நாள் வேலை என்றானது. வெள்ளையம்மாவும் அதில் ஒருத்தி. கஜேந்திரனைக் கேகாலைக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, பதவி உயர்வா என்று யாருக்கும் தெரியவில்லை.

இனிமேல் பெட்டி மூடுமுன் தெரேசம்மாதான் பார்க்க வேண்டும் என்றார் புதிதாக வந்தவர். அவள் அதை எழுத்தில் தரச் சொன்னாள். தந்தார். ஆனால் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனி ஆள் ஆகிவிட்டாள் என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இத்தனை நாள் மற்றவர்களைத் தான் பார்த்த கண்ணால் இப்போது தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. இருதயராஜிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நான்காவது மாதம் ஓடர் கொஞ்சம் கூடியது. ஐந்து நாள் வேலை என்று அறிவித்த அன்று வெள்ளையம்மா தன் மேசைக்கு வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க செஞ்சது சரின்னு நான் இன்னும் சொல்லல்ல, அக்கா."

"சொல்ல வேணாம்" என்றாள் தெரேசம்மா. "வெளிச்சம் இருக்கக்குள்ள வேலையப் பாரு."