ஜோடிகளை அழிக்காதவள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடம் என்றுதான் பெயர். வைத்தவளே நான்தான், பக்கத்து மேஜைக்காரி. அவள் பதினோரு வருட டெக்னீஷியன். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், படிக்கிற இரண்டு பெண்கள், இவள் ஒருத்தி சம்பளம். இப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருந்தால் அவள் அடம் இல்லையே!

எங்கள் வேலை இதுதான். ஆபரேஷனில் வெட்டியெடுத்த கல்லீரலிலிருந்து ஒரு சிறு துண்டு வரும். அதைக் கரைத்து, வடிகட்டி, நோய் எதிர்ப்புச் செல்களை மட்டும் பிரித்து எந்திரத்தில் விடுவோம். நூல் மாதிரி ஓடும் தண்ணீரில் செல்கள் ஒவ்வொன்றாகப் போகும், எந்திரம் எண்ணும். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் அது அழுக்கு, அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும். இது எங்கள் பெரிய டாக்டரின் கட்டளை.

அடத்துக்கு அது பொறுக்கவில்லை. கல்லீரலிலேயே குடியிருந்து கிருமிகளைத் தின்னும் விழுங்கு செல்லும், ரத்தத்தோடு ஊர் சுற்றிக் காவல் காக்கும் டி செல்லும்தான் அப்படி ஜோடியாக வருகின்றன என்று கண்டுவிட்டாள். நோய் முற்றிய துண்டில் இன்னும் அதிகம். நேரே டாக்டரிடம் போய் நின்றாள்.

"சார், இது அழுக்கு இல்ல. அடிக்கலாமா விடலாமான்னு அதுங்க பேசிக்குது. அதைத்தானே நாம தேடறோம்?"

"உனக்குக் கரைக்கத் தெரியல. ஒழுங்கா கரைச்சா ஏன் ஒட்டுது? தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடு. அப்பதான் மாசக் கடைசியில உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சு நான் கையெழுத்து போடுவேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "எழுதிக் கொடுத்துத் தொலையேன்டி! அந்த ஜோடிங்களா வந்து உன் வீட்டுல உலை வைக்கப் போகுது?"

"செய்யாத தப்பை எழுத மாட்டேன். போடி," என்றாள்.

மறுநாள் காலை இரண்டு நோயாளிகளின் துண்டுகள் வந்தன. எங்கள் வேலை முடிந்து மிஞ்சியதை எடுத்தாள். கரைப்பதற்கு முன்பே ஒன்றைச் சிவப்புச் சாயத்திலும் மற்றதைப் பச்சையிலும் ஊறவைத்தாள். பிறகு இரண்டையும் ஒரே குடுவையில் போட்டுக் கரைத்தாள். இரண்டு பேர் துண்டைக் கலப்பது எங்களிடம் கொலைக்குற்றம். அவளோ டாக்டரையே கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

"என் கரைச்சல்ல தப்புன்னா, சிவப்பும் பச்சையும்கூட ஒட்டிக்கிட்டு வரணும் சார். வருதான்னு நீங்களே பாருங்க."

எந்திரம் ஓடியது. சிவப்போடு சிவப்பு எழுநூற்றுச் சொச்சம். பச்சையோடு பச்சையும் கிட்டத்தட்ட அதே அளவு. சிவப்போடு பச்சை, பதினொன்று. அப்படியானால் மற்ற ஜோடிகள் உடம்பிலேயே ஒட்டியிருந்தவை. டாக்டர் மறுபடி ஓட்டச் சொன்னார். ஒன்பது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாலு வருஷம். இருநூறு பேரோட துண்டு. எல்லாத்துலயும் ஜோடியை அழிச்சிட்டோமே! இனி அதுக்கெல்லாம் நான் எங்க போறது?"

அடம் தன் மேஜை இழுப்பறையின் பூட்டைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அழிக்கச் சொன்னீங்க சார். நான் அழிக்கல."

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "உன் ஒப்பந்தத்தைக் கொண்டு வாம்மா," என்றார்.

அவள் நகரவில்லை.

"மொதல்ல எனக்குக் கரைக்கத் தெரியும்னு சொல்லுங்க. கையெழுத்தை அப்புறம் போடலாம்."