கண்ணுக்கும் ஒரு ஸ்கேன்

முப்பத்தேழு வயதில், நான்காம் மாதத்தில்தான் நான் கர்ப்பம் என்பது எனக்கே தெரிந்தது. அதுவரை மாதவிடாய் ஒழுங்கில்லை என்றே நினைத்திருந்தேன். வீட்டில் எல்லாரும் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட, எனக்குக் கண்ணை நினைத்துப் பயம். நாலு வருடமாக எனக்குக் கண் அழுத்தம். பார்வை நரம்பு கெடாமலிருக்கத் தினமும் மாலையில் கணவர்தான் இரண்டு கண்ணிலும் மருந்து விடுவார்.

பிள்ளைக்கு ஆகாதோ என்று, கணவர் கொண்டுவரும் குப்பியை ‘நானே விடுறன்’ என்று வாங்கி, அவருக்குத் தெரியாமல் நானாகவே மருந்தை நிறுத்தினேன். நிறுத்திய பிறகு கண் போய்விடுமோ என்று நித்திரை வரவில்லை. நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சரிடம் மட்டும் சொன்னேன்.

“டொக்டரைக் கேக்காம நிப்பாட்டினீங்களா? சனிக்கிழமையே போவம். நானும் வாறன்” என்றார்.

தேற்றாத்தீவில் நான் பஸ் ஏறினேன். அவர் காத்தான்குடியில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பை பேரீச்சம்பழத்தை என் மடியில் வைத்தார். மட்டக்களப்பு போய்ச் சேருவதற்குள் பாதியை நானே தின்றுவிட்டேன்.

கண் டொக்டர் என்னைவிட இளையவர். மருந்தை நிறுத்தியதற்கு முதலில் ஏசினார். பிறகு அழுத்தத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“கூடிட்டா டொக்டர்?”

“இல்ல. மருந்து விட்ட காலத்தை விடவும் குறைஞ்சிருக்கு.”

நான் நம்பாமல் மெசினைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

“கர்ப்பத்தில ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ரெண்டும் நல்லாக் கூடும். அதால ரத்தக் குழாய் இளகி விரியும். கண்ணுக்குப் போற ரத்தமும் கூடலாம். கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியேறுறதும் லேசாகும். எல்லாருக்கும் இப்பிடி இல்ல. உங்களுக்கு நல்லாவே வேலை செய்யுது.”

ரத்த ஓட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். முந்தின கிழமை பிள்ளையைப் பார்க்க வயிற்றில் பூசிய அதே குளிர்ந்த ஜெல்லை மூடிய இமைமேல் பூசினார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. காற்று விட்டு விட்டு வீசுவது மாதிரி, என் நாடியோடு சேர்ந்து. என் கண்ணுக்குப் போகும் ரத்தத்தின் சத்தம்.

“டீச்சர், கேக்குதா?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

“கேக்குது. பேசாமக் கிடங்க, நானும் கேக்கணும்” என்றார்.

மாதா மாதம் வந்து காட்ட வேண்டும் என்ற கட்டளையோடு மருந்தை நிறுத்தியே வைக்கச் சொன்னார் டொக்டர். அன்று மாலை கணவர் வழக்கம்போலப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இனி வேணாமாம். பிள்ளை பிறக்கிற வரைக்கும்” என்றேன்.

குப்பியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். “அப்ப தேத்தண்ணி ஊத்தட்டா?” என்றார். அதற்குப் பிறகு ஐந்து மாதம், அந்த நேரத்துக்கு அவர் ஊற்றிய தேத்தண்ணியோடு இருவரும் வாவிக்கரையில் போய் இருந்தோம்.

மகள் பிறந்தாள். மூன்று மாதத்தில் அழுத்தம் பழையபடி ஏறியது. இப்படி நடக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை. பால் கொடுப்பவருக்கு ஏற்ற வேறு மருந்து தந்தார்.

பிரசவ லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் போன முதல் கிழமை, பக்கத்து வகுப்பில் விஞ்ஞான டீச்சர் இனப்பெருக்கப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ‘வீட்டில வாசிச்சுக்கொண்டு வாங்க’ என்று எல்லாரும் கடந்துபோகும் பாடம். அவர் கரும்பலகையில் பெரிய கண் ஒன்றைக் கீறி, பக்கத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்று எழுதியிருந்தார். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது:

“டீச்சர், அப்ப எங்களுக்கும் மாதவிடாயோட மாதா மாதம் கண்ணில ரத்த ஓட்டம் மாறுமா?”

“கொஞ்சம் மாறலாம் எண்டுதான் சொல்றாங்க. நான் இன்னும் வாசிக்கணும். நீங்களும் வாசிங்க” என்றார் அவர். வகுப்பு கலகலவென்று பேசத் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்கள். நான் தடுக்கவில்லை.