பெயிலான வலது கை

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சமையலுக்கான பால் பன்னீரைப் பாக்கெட் போடுகிற அந்தக் கம்பெனியில் கிறிஸ்டினாவுக்கு ஆறு வருஷ சர்வீஸ். மாசத்துக்கு ஒருநாள், பேக்கிங் பெண்கள் கை கழுவிவிட்டு லைனுக்குள் நுழையும் வாசலில், லேபிலிருந்து வந்து ஒவ்வொருத்தியின் வலது உள்ளங்கையையும் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துப் போவார்கள். அதிலிருந்து கிருமி எதுவும் வளராவிட்டால் பாஸ். வளர்ந்தால் பெயில், ஒரு வாரம் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. அதோடு லேபுக்குக் கூப்பிட்டு, கையில் இருந்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வைப்பார்கள். கண்ணால் பார்த்தால்தான் புத்தி வரும் என்று கம்பெனிக்கு ஒரு நினைப்பு.

கிறிஸ்டினாவின் கை ஒருநாளும் பெயிலானதில்லை. நக இடுக்கைக்கூட விடாமல் தேய்ப்பாள். சூப்பர்வைசர் எல்லோருக்கும் அவளைத்தான் உதாரணம் காட்டுவார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். யார் யாரோ அந்த லேபுக்குள் போய்விட்டு வந்தார்கள், அவளுக்கு மட்டும் கொடுத்து வைக்கவில்லை. ஒருமுறை கூட வேலை பார்க்கிற கல்பனா போய்வந்து, புழு மாதிரி நெளிந்தது என்று கேன்டீனையே கூட்டிவிட்டாள். சாயம் ஏற்றிய கிருமி செத்த கிருமி, அது எங்கிருந்து நெளியும்? கிறிஸ்டினா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள் மைக்ரோபயாலஜி படித்தவள். படித்தவள் என்றால் நாலே மாசம், கடம்பத்தூரிலிருந்து ரயிலில் போய்வந்து. உருண்டையாக இருந்தால் காக்கஸ், குச்சியாக இருந்தால் பேசில்லஸ், சுருளாக இருந்தால் ஸ்பைரில்லம். சரமாக நின்றால் ஒரு பெயர், கொத்தாக நின்றால் வேறு பெயர். ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு வகை, விட்டுவிட்டுச் சிவப்புக்கு மாறுவது இன்னொரு வகை. கண்ணுக்கே தெரியாததை இத்தனை ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலாம் மாசம் வந்த முதல் பிராக்டிகலில் பத்துப் பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வாரம்தான், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த அவள் அப்பா அந்தோணிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. காலேஜ் பையை வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எதிலும் குறையில்லை. ஆனாலும் பார்க்காமல் விட்ட அந்த ஒரு பார்வைக்கு அவள் மனசு ஏங்கிக்கொண்டே இருந்தது.

இந்த ஆடி மாசம் துணிந்துவிட்டாள். கொத்தாக நிற்கிற கிருமி, நோய் நொடி இல்லாத பலருடைய மூக்குக்குள்ளேயே குடியிருக்கும் என்று படித்தது மறக்கவில்லை. கை கழுவிவிட்டு வரிசையில் நின்றவள், யாரும் பார்க்காதபோது மாஸ்குக்குள் விரலை விட்டு மூக்கைக் குடைந்து, அதை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். லேபுக்குப் புதிதாக வந்திருந்த மோனிகா மேடம் துடைத்து எடுத்ததும், ஓடிப்போய் இரண்டு தடவை சோப்பு போட்டு, மாஸ்க்கை மாற்றி, புதுக் கையுறை மாட்டிய பிறகுதான் லைனுக்குள் நுழைந்தாள். ஊரார் வாயில் போகிற பன்னீர் ஆயிற்றே. விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் மூன்று நாளாக அவளுடைய பயமெல்லாம், ஒன்றும் வளராமல் போய்விடுமோ என்பதுதான்.

நாலாம் நாள் கூப்பிட்டார்கள். மோனிகா வட்டத் தட்டில் மஞ்சள் புள்ளிகளைக் காட்டிவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். கிறிஸ்டினா குனிந்தாள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஊதா. உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக. எல்லோரும் பார்த்த வேகத்தில் தலையை எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கவே இல்லை. பயந்துவிட்டாளோ என்று மோனிகாவுக்குக் கவலை. டாக்டருக்கு எழுதித் தருவதாகவும், மருந்து போட்டால் சரியாகிவிடும் என்றும் சமாதானம் சொன்னாள்.

"ஸ்டெஃபைலோகாக்கஸ் தானே மேடம்?" என்றாள் கிறிஸ்டினா, கண்ணை எடுக்காமல்.

மோனிகா திகைத்துப் போனாள். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற பெண்ணிடம் பொய் சொல்ல கிறிஸ்டினாவுக்கு மனசு வரவில்லை. காலேஜ் கதையிலிருந்து மாஸ்குக்குள் விட்ட விரல் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

மோனிகா டாக்டருக்கு எழுத எடுத்த சீட்டை ஓரமாக வைத்தாள். பிறகு, "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கூப்ட்டுக் காட்டியிருப்பேனேக்கா. இதுக்காகவா வேணும்னே பெயிலானீங்க?" என்றாள்.

கிறிஸ்டினா நிமிர்ந்தாள். வேலை வாங்க எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள், பிள்ளைகளுக்கு ஸ்கூல் சீட்டுக்காக வாசல் வாசலாக நின்று கேட்டிருக்கிறாள். தனக்கென்று ஒன்றைக் கேட்கலாம் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

"கேக்கலாம்னு எனக்குத் தெரியாது மேடம்," என்றாள்.

மோனிகா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காந்துகினு நிதானமா பாருங்கக்கா. அவசரமே இல்ல."

கிறிஸ்டினா உட்கார்ந்து மறுபடியும் குனிந்தாள். கண் நிறைந்துபோய், இந்தத் தடவை ஊதாவெல்லாம் கலங்கித்தான் தெரிந்தது.