பயந்து நான் நிறுத்திய பதிவு

நாங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். கல்வராயன் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போன என் கணவர் அன்று சாயங்காலம் திரும்பவில்லை. ஒரு போலீஸ்காரர் போன் செய்து, சாராய வழக்கில் பிடித்திருப்பதாகச் சொன்னார். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். போனே அதைச் சத்தமாக அறிவித்துவிட்டது.

"உன் வூட்டுக்காரன உள்ள வெச்சிக்கினு இருக்கோம், எங்களயே ரெக்கார்டு பண்றியா? உன் மேலயும் கேஸ் போட்டுருவேன்!"

பயந்துபோய் உடனே நிறுத்திவிட்டேன்.

காலையில் ஸ்டேஷனுக்கு ஓடினால், "அப்டி யாரையும் இட்டுகினு வர்லியேம்மா" என்றார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. வாசலிலேயே விழுந்து அழுதேன். பக்கத்து வீட்டு செல்விதான் என்னை இலவச சட்ட உதவி வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனாள்.

"நம்ம போன்ல நாம பேசறத பதிவு பண்றதுல தப்பில்லீங்க. இன்னா பதிஞ்சிருக்குன்னு பார்ப்போம்" என்று என் போனை வாங்கினார். அந்த ஒரு அதட்டல் மட்டும் இருந்தது. அதைப் போலீஸ் மேலதிகாரியிடம் போட்டுக் காட்டினார். சாயங்காலமே என் கணவரை விட்டுவிட்டார்கள். பாதம் வீங்கி, நடக்க முடியாமல் வந்தார்.

இப்போதெல்லாம் போலீஸ் போன் வந்தால், "பதிவு பண்றேங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். திட்டினாலும் நிறுத்துவதில்லை. என் கணவர்தான் போன் மணி அடித்தாலே இன்னும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்