ஐந்து பேர் உட்காரும் கார்

1962 நவம்பர் 10, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடாத மழை, காற்று இல்லை. டோபி காட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்த கார்க் கடைக்கு நாங்கள் ஆறு பேர் இரண்டு குடையில் நடந்தோம். நான், என் மனைவி தனபாக்கியம், பள்ளி ஆசிரியராக இருக்கும் மகன் குணசேகரன், மருமகள் புஷ்பம், ஏழு வயதுப் பேத்தி வாணி, ஐந்து வயதுப் பேத்தி கலா. நிறுத்தத்திலிருந்து கடை வாசல் வரை என் நடைக்கு நானூற்றுப் பத்து எட்டு. இந்த நாட்டுக் கடைகளில் எனக்கு இன்னும் பழகாத விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கார் வேண்டும் என்று கேட்டு, நாம் விரலை நீட்டிக் காட்டியபிறகு, அந்தக் காரிலேயே எது வேண்டும் என்று மறுபடியும் கேட்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே சாம்பல் நிறம். ஒன்று ஸ்டாண்டர்ட், மற்றொன்று டீலக்ஸ். ஸ்டாண்டர்ட் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது வெள்ளி, அதாவது டாலர். டீலக்ஸ் அதைவிட நானூற்று எழுபத்தைந்து கூட.

விற்பனையாளர் லிம் என்ற சீனர், முப்பது வயதுக்காரர். என்னை 'தவுக்கே' என்று அழைத்தார். முதலாளி என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடம் துறைமுகத்தில் மூட்டை எண்ணிய என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. இரண்டு கார்களின் கதவுகளையும் திறந்து வைத்து எங்களைச் சுற்றி வரச் சொன்னார். ஸ்டாண்டர்டில் தரைக்கு ரப்பர் பாய், டீலக்ஸில் கம்பளம். ஸ்டாண்டர்டில் வெயில் மறைப்பு ஓட்டுபவருக்கு மட்டும், டீலக்ஸில் இரண்டு. டீலக்ஸில் கடிகாரம் இருந்தது, சிகரெட் பற்றவைக்கும் கருவி இருந்தது, சக்கரங்களுக்குப் பளபளவென்று தட்டு மூடி இருந்தது. குளிருக்கு வெந்நீரில் ஓடும் ஹீட்டரும் இருந்தது. இங்கிலாந்தில் செய்த வண்டியாம், கழற்றிக் கொடுத்தாலும் விலை குறையாதாம். "இந்த ஊர்ல ஹீட்டரா? அதுல அப்பளம் பொரியுமான்னு கேளு குணா" என்றாள் தனபாக்கியம். அவள் என்ன சொன்னாள் என்று லிம் கேட்டார். மகன், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பணம் எப்படி வந்தது என்று ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் எனக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைக்கு ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோட்டை நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஆறாவது மூட்டை வந்தால் அதற்கான கோடு பக்கத்தில் தனியாக நிற்கும். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மொத்தமாக நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடுத்தார்கள். அதுதான் என்னிடம் இருந்த பணம். ஆனால் வேறு பணம் இல்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நாகப்பட்டினம் கப்பலுக்கும், ஊரில் என் பங்கு வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் தபால் ஆபீஸ் கணக்கில் தனியாகப் பணம் இருக்கிறது என்று பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். இருந்தது உண்மை. என் தம்பி மகள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு அதை முழுவதும் அனுப்பிவிட்டேன். அனுப்பியதைச் சொல்லவில்லை.

கப்பல் பேச்சையும் நான்தான் வளர்த்தேன். தனபாக்கியமும் பதினொரு வயது மகனும் 1938இல் வந்து சேர்ந்தார்கள். அதற்கடுத்த பொங்கலிலிருந்து கணக்கிட்டால் இருபத்து நான்கு பொங்கலுக்கு, அடுத்த பொங்கலை ஊரில் வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் அவளும் பெட்டியைத் துடைத்து வைத்தாள். பிறகு, "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் எங்கே வர்றது" என்றாள். பேத்திகள் பிறந்தபின் அதுவும் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்து ஏப்பம் விடுவதைப் போல நான் சொல்வதும் அவர்கள் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. சொல்லாவிட்டால் இங்கே எதற்கு இருக்கிறேன் என்று எனக்கே விளங்காது போலிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்த ஜூன் மாதம் கலாவுக்குக் காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போக சிராங்கூன் ரோட்டில் நாற்பது நிமிடம் டாக்சிக்கு நின்றோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புஷ்பம் ரோட்டையே பார்த்து நின்றாள். அடுத்த வாரம் மகனிடம், உன்னிடம் இருக்கும் இரண்டாயிரத்தைப் போடு, மீதியை நான் தருகிறேன், கார் வாங்கு என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டால் நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியதாகிவிடும் என்று நினைத்தேன். வாயால் சொல்ல இருபத்து நான்கு பொங்கல் குறுக்கே நின்றது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றே ஐந்து மாதமும் இருந்தேன்.

கடைக்குத் திரும்புகிறேன். இரண்டு வண்டிக்கும் முக்கியமான வித்தியாசத்தை லிம் கடைசியாகக் காட்டினார். ஸ்டாண்டர்டில் முன்பக்கம் ஒரே நீள ஆசனம். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், கால் வைக்கும் இடம் காலி. முன்னால் மூன்று, பின்னால் மூன்று, ஆறு பேர். டீலக்ஸில் முன்னால் இரண்டு தனி நாற்காலிகள், நடுவில் தரையிலிருந்து கியர். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. எனக்குக் கேள்வியே எழவில்லை. ஸ்டாண்டர்ட், நானூற்று எழுபத்தைந்து மிச்சம் என்று மனதுக்குள் முடித்துவிட்டேன். அப்போது லிம் மகனிடம் ஆங்கிலத்தில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஃபைவ்" என்றான் மகன்.

கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் தப்பாக எண்ணுகிறானே என்று நான் முந்திக்கொண்டு, "சிக்ஸ்" என்றேன். "ஆறுடா. குழந்தைங்களையும் சேர்த்து எண்ணு."

"சேர்த்துத்தான்பா. நீங்க பொங்கலுக்கு அப்புறம் கப்பல் ஏறிடுவீங்கள்ல? அதுவரைக்கும் கலாவை யாராச்சும் மடியில வச்சுக்கலாம்." பிறகு லிம் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான். அப்பா ஊருக்குத் திரும்புகிறார், போகுமுன் எங்களுக்குத் தரும் பரிசு இது, இருப்பதில் நல்லதாக வாங்க வேண்டும் என்று. என் பிள்ளை பொல்லாதவன் அல்ல. நான் சொன்னதை நம்பியிருக்கிறான்.

லிம் என் கையைக் குலுக்கினார். "தவுக்கே, கோ பேக் இந்தியா? குட் லா. லாங் டைம் வொர்க், நவ் ரெஸ்ட்." நான் தலையை ஆட்டினேன். நான் சந்தோஷத்தில் பேச முடியாமல் இருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பணம் இது ஒன்றுதான், கப்பலுக்கு இல்லை, நான் எங்கும் போகவில்லை, நீள ஆசனம் உள்ளதை எடு என்று நான்கு துண்டாகச் சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். துக்கம் என்றும் சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல இருந்தது. 1927இல் நான் வந்தபோது கப்பலிலிருந்து இறக்கி, நோய்ச் சோதனைக்கு ஒரு தீவில் சில நாள் வைத்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும் வரிசையில் நிற்கவைத்து எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் நகரக்கூடாது. ஊரில் பட்டுக்கோட்டை பஸ்ஸில் முப்பத்திரண்டு பேருக்குத்தான் இடம். ஒரு முறை எழுபத்தொரு பேரை எண்ணியிருக்கிறேன், கூரைமேல் இருந்தவர்கள் உட்பட. யாரையும் கழித்து எண்ணும் பழக்கம் அங்கே இல்லை, எண்ணும் பழக்கமே இல்லை. இங்கே எண்ணுகிறார்கள். எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. அதனால்தான் இந்த ஊர் எனக்கு ஒத்துக்கொண்டது என்றும் சொல்லலாம்.

டீலக்ஸ் என்று முடிவானது. அடுத்து டயர். ஓரத்தில் வெள்ளை வளையம் போட்ட டயர் ஒன்றுக்குப் பதினான்கு வெள்ளி கூட. வாணியின் பள்ளித்தோழி வீட்டுக் காரில் அதுதான் இருக்கிறதாம். வெள்ளை வளையத்தை வாரத்துக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், மழை நாளில் தேய்த்தும் பயனில்லை என்று நான் சொன்னேன். "மாமா, நான் தேய்ச்சுக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் புஷ்பம். லிம் நாலுக்கு ஐம்பத்தாறு என்று எழுதினார்.

"ஐந்து" என்றேன்.

ஐந்தாவது ஸ்பேர் டயர், பின்பெட்டிக்குள் மூடியின் கீழ் படுத்திருக்கும், அதற்குக் கறுப்பே போதும், பதினான்கு வெள்ளி வீண் என்று லிம் பொறுமையாக விளக்கினார். மகனும் சொன்னான். தனபாக்கியம், "பெட்டிக்குள்ள கிடக்கிறதை யாருங்க பார்க்கப் போறா?" என்றாள். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த நான் அதில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். நாலு வெள்ளை ஒரு கறுப்பு என்றால் வாங்கமாட்டேன் என்றேன். லிம் பென்சிலைக் காதில் செருகினார், மறுபடி எடுத்தார். பிறகு நாலை அடித்து ஐந்து என்று எழுதினார்.

பதினைந்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. புஷ்பம் பிறந்து வளர்ந்த இடம் காத்தோங். அங்கிருக்கும் பிள்ளையார் கோயிலில்தான் பூசை போட வேண்டும் என்று அவள் வேண்டியிருந்தாள். வாசலில் எல்லாரும் ஏறினார்கள். பின்னால் தனபாக்கியமும் பேத்திகளும். கலா கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்னால் எட்டிக்கொண்டிருந்தாள். அவளை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி மகன் எனக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தான். "முதல் நாளே நெருக்க வேண்டாம், புது ஸ்பிரிங். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்றேன். "சரியாப்பா?" என்றான். சரி என்றேன். அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏறியிருப்பேனா என்று தெரியாது.

தேக்காச் சந்தையில் எலுமிச்சம்பழம் ஐந்து காசு. ஐந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன், இருபது காசு டிக்கெட். கோயிலில் குருக்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு, நான்கு சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொரு பழமாக வைத்தார். நான் ஐந்தாவதை நீட்டினேன்.

"நாலுதான் பெரியவரே."

"பின்பெட்டியிலே ஒண்ணு இருக்கு."

"அது எங்கே ஓடப் போகுது? அதால நசுக்க முடியாதே" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மகன் வண்டியை முன்னே எடுத்தான். நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. ஐந்தாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிரகாரத்தில் தனபாக்கியம் என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தைகள் தூரத்தில் இருந்தார்கள். "ஏங்க, முன்னாடி நீள சீட்டு போட்டது ஒண்ணு இருந்துச்சே. அதை ஏன் விட்டுட்டீங்க?"

"கியர் தரையில இருந்தா வண்டிக்கு நல்லதாம்."

"தபால் ஆபீஸ்ல பணம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். பழம் உருண்டையாகப் புடைத்துக்கொண்டு நின்றது. போகும்போது, "போய் இறங்கினதும் காப்பி போட்டு வைக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பொங்கல் போய் இன்றோடு மூன்று வாரம். கப்பலைப் பற்றி மகன் இரண்டு முறை கேட்டான். இடம் கிடைக்கவில்லை என்றேன். மூன்றாம் முறை கேட்கப்போனபோது தனபாக்கியம் அவனுக்கு ரசம் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் காரில் காத்தோங் போகிறார்கள், நான் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸில் போனால்தான் கால் வலி தெரிவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த முதல் ஞாயிறு திரும்பும்போது கேலாங் ரோட்டில் விளக்குக்கு எல்லா வண்டியும் நின்றன. என் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு டாக்சி, அதற்கும் முன்னால் எங்கள் கார், மாலையோடு. பின்கண்ணாடி வழியே தனபாக்கியம் திரும்பி உட்கார்ந்து பின்னால் நின்ற பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பஸ் நின்றன. நான் எதில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் கையைத் தூக்கவில்லை. கையில் பழம் இருந்தது. விளக்கு மாறியது. கார் நேரே போயிற்று, என் பஸ் அடுத்த நிறுத்தத்துக்கு ஓரம் கட்டியது. டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்கை எழுதி முடித்தேன். கார் ஆறாயிரத்து நானூற்றுப் பதினைந்து, ஐந்து வெள்ளை டயருக்கு எழுபது, மகன் போட்ட இரண்டாயிரம் போக, பழம் இருபத்தைந்து காசு, பஸ் போக வர நாற்பது காசு. ஆக மொத்தம், துறைமுகத்தில் கொடுத்த நாலாயிரத்து ஐந்நூறில் எனக்கு ஆனது நாலாயிரத்து நானூற்று எண்பத்தைந்து வெள்ளி அறுபத்தைந்து காசு.