உயிருடன் அனுப்பப்பட்டவர்

நான் மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறப்புக்கு வருகிறவர்கள் எப்போதாவது லட்டு கொண்டுவருவார்கள். இறப்புக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் கொண்டுவருவார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இறப்புப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்குள்ள டாக்டர் வியாதியின் பெயரை எழுதியாக வேண்டும். வீட்டில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் மாரடைப்புதான். தெருமுனை கிளினிக் டாக்டர் ஆளைப் பார்த்தே இருக்க மாட்டார். அழுத கண்ணோடு வந்து நிற்கும் மகனிடம் எதைக் கேட்பது என்று மாரடைப்பு என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நாங்களும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவோம். "நம்ம ஊர்ல யாருக்கும் வேற வியாதியே வராது போலம்மா" என்று பக்கத்து சீட்டு அண்ணன் சொல்வார். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் வருகிறது.

விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் என் தம்பி குடியிருந்தான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். நாற்பது ஆகவில்லை. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்கென்று குழி தோண்டினார்கள். பிறகு, குழாய் வரவில்லை என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் குழி நிரம்பியது. குனிந்து பார்த்தால் தண்ணீரில் புழு நெளியும். "யக்கா, நம்ம தெருவுக்கும் ஒரு தெப்பக்குளம் வந்துருச்சு" என்று தம்பி கிண்டல் பண்ணினான். கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனான். நாலாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இனிமே நம்ம கையில ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோயிருங்க."

எங்கள் பக்கம் இந்தப் பேச்சுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. உயிர் சொந்த வீட்டில் பிரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரிந்தால் நாதியற்றுப் போனதாக நினைப்பார்கள். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அவுகள நம்ம வீட்டுக்கே கொண்டுபோயிருவோம் மதினி" என்று கெஞ்சினாள். விவரம் தெரிந்தவள் என்று என்னிடம்தான் காகிதத்தை நீட்டினார்கள். உறவினர் விருப்பத்தின் பேரில் உயிருடன் அழைத்துச் செல்லப்படுகிறார் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆம்புலன்சில் ஒருவர் தம்பியின் மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். திண்டுக்கல் ரோட்டில் ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, அவர் அமுக்குவதை நிறுத்திவிட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் புரிந்துகொண்டார். "யக்கா, வீட்டுல வச்சுத்தான் போச்சுன்னு சொல்லிருங்க. வழியிலன்னா அம்புட்டுப் பேருக்கும் அலைச்சல்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று, தம்பியின் படிவம் என் மேஜையில் இருந்தது. என் வீட்டுக்காரர் தெருமுனை கிளினிக்குக்கு அலைந்து வாங்கிய சான்று அதோடு இணைந்திருந்தது. இடம், வீடு. காரணம், மாரடைப்பு. "நான் ஏத்திரவாம்மா?" என்றார் பக்கத்து சீட்டு அண்ணன். வேண்டாம் என்று நானே ஏற்றினேன். அழாமல் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

வருஷக் கடைசியில் வார்டுவாரியாக இறப்பு அட்டவணை போட வேண்டும். அதுவும் என் வேலைதான். போட்டு அனுப்பினேன். சித்திரையில் அந்தக் குழியை மூடச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். அவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். "காய்ச்சல்ல ஆள் போன வார்டுக்குத்தாம்மா முதல்ல செய்வோம். உங்க வார்டுல பூஜ்யம்னுல்ல இருக்கு" என்றார். நான் போட்ட அட்டவணை.

"என் தம்பி டெங்குல செத்துருக்கான் சார்."

"அப்ப பதிவுல வரணுமேம்மா."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இருந்து உயிரோடதானே போயிருக்காரு மேடம்?" என்றாள். கிளினிக் டாக்டரோ, "இப்ப மாத்திக் குடுத்தா நான் முன்னாடி எழுதுனது பொய்யின்னு ஆயிரும்மா" என்றார். பொய்தானே டாக்டர் என்று கேட்க வாய் வரை வந்தது. என் கையெழுத்து மட்டும் என்ன வாழ்ந்தது? பெயரில் எழுத்துப்பிழை என்றால் நானே திருத்துவேன். காரணத்தை டாக்டர் கடிதம் இல்லாமல் தொட முடியாது. இதே விதியைச் சொல்லி எத்தனை பேரைத் தலை நிமிராமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மறு ஐப்பசியும் வந்தது. குழி மறுபடி நிரம்பியது. மூன்று வீடு தள்ளி, இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணனின் மனைவிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் ஆபீசில் இருந்தபோது அந்த அண்ணன் போன் பண்ணினார்.

"ஏம்மா, கொண்டுபோயிருங்கன்னு சொல்லிட்டாக. நீ அந்த ஆபீஸ்ல இருக்கவ, உனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்துரவா?"

எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். வேண்டாம்ண்ணே, அங்கேயே இருக்கட்டும், அங்கே உயிர் போனால்தான் டெங்கு என்று எழுதுவார்கள், அப்போதுதான் இந்தக் குழியை மூடுவார்கள், அடுத்து உங்கள் பிள்ளைகளுக்கோ என் தம்பி பிள்ளைகளுக்கோ வராமல் இருக்கும். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவர் அழுகிற சத்தம் கேட்டது. பெண்டாட்டியைக் கணக்குக்காக அங்கேயே விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"கூட்டிட்டு வாங்கண்ணே. நான் வீட்டுக்கு வாரேன்" என்றேன்.

பத்து நாள் கழித்து இட்லிக் கடை அண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். ஜெராக்ஸ் எல்லாம் ஒழுங்காக எடுத்து வந்திருந்தார். காரணக் கட்டத்தைப் பார்த்தேன். அதேதான்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குண்ணே" என்று சொல்லி, மாரடைப்பு என்று ஏற்றினேன்.