ஆட்டம் பார்க்க வருகிறவர்கள்

உதைபந்து விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கிறேன். வீட்டில் நாலு பேர் கூடினால் குசினி அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள். எழுதத் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதில் பிழை இருந்தால், அது பக்கத்து அறையிலிருந்து கேட்டு வந்த பிழை.

இது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு கார்த்திகை மாதம். அப்போது கனடாவில், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். இங்கிலாந்தில் பின்னேரம் நடக்கிற பெரிய ஆட்டங்கள் மொன்றியலில் எங்களுக்குக் காலையில் வரும். சனி ஞாயிறுகளில் பல தமிழ் வீடுகள் அதோடுதான் விடிந்தன. எங்கள் பல்கனி தெற்குப் பக்கம் பார்த்தது. டிஷ் பூட்ட வசதி. அதனால் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஆறு பேர், ஏழு பேர். சப்பாத்துகள் வாசலைத் தாண்டி வெளி நடைவழி வரைக்கும் கிடக்கும்.

அவர்களில் முதலாவது ஆள் என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நகருக்கு வெளியே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீடு, பெரிய டிவி, எல்லாச் சனலும் அவரிடம் உண்டு. என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். "தனிய இருந்து மட்ச் பாக்கிறது செத்தவீட்டு வீடியோ பாக்கிற மாதிரி தங்கச்சி" என்பார். என் கணவரின் அணி சிவப்பு. அண்ணையின் அணி நீலம். பெயர்கள் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அண்ணை எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். வார இறுதியில் நடக்கப்போகிற ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். யாருக்குக் கால் முறிந்தது, யார் திரும்பி வருகிறான், எந்த மைதானத்தில் மழை. என் கணவர் அதிகம் பேசாதவர். பொதி கட்டும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பேசாமல் சாப்பிட்டுப் படுக்கிறவர். அந்த ஒரு அழைப்பில் மட்டும் சிரிப்பார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் ஐப்பசி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை என் கணவருக்கு நெஞ்சு நொந்தது. வீடு நிறைய ஆட்கள். சிவப்பு ஒரு கோல் பின்னால். நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்தபோது அவர் தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். நெற்றியில் வேர்வை. கண்ணால் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பினார். அண்ணை பக்கத்தில் இருந்து டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தது. இவர் எழும்பி எல்லாரையும் வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஒருவருடைய கையுறை விழுந்து கிடந்ததை எடுத்துக்கொடுத்தார். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நோ எப்போது தொடங்கியது என்று டாக்டர் பிரெஞ்சில் கேட்டார். எங்கள் மகள் தமிழில் கேட்டாள்.

"முதல் பாதியிலை" என்றார் இவர். "கோல் விழுந்து கொஞ்ச நேரத்தாலை."

மகள் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவள் விளக்கிச் சொன்ன பிறகு டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். இவ்வளவு நேரம் பொறுத்திருந்தது மடத்தனமாம், இன்னொரு முறை இப்படிச் செய்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாமாம். அடைபட்ட இருதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்து அனுப்பினார்கள். பனி அள்ளக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நோ வந்தால் உடனே படுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தார். ஒருவரும் ஆட்டம் பார்க்க வரவில்லை. இவரைச் சுகம் விசாரிக்க வந்தவர்கள் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்து கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். வெள்ளிக்கிழமை காலை பேப்பரில் வந்த ஆட்ட விவரத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். சவரம் செய்தார். அண்ணை தொலைபேசி எடுக்க முன்னரே தானே அவருக்கு எடுத்தார்.

"வாருங்கோடா எல்லாரும்" என்று அவர் சொன்னது குசினிக்குக் கேட்டது. "நான் சாகேல்லை. வந்து பாருங்கோ."

ஆட்டத்துக்கு நான் பயப்படவில்லை. ஆட்களுக்குப் பயந்தேன். இவருக்கு மறுபடி நொந்தால் மறுபடி தலையணையை அணைத்துக்கொண்டு இருப்பார். எல்லாரும் சப்பாத்துப் போட்டுப் போகும் வரைக்கும் இருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணைக்கு எடுத்தேன். அதுவரை நான் அவருக்கு ஒரு நாளும் எடுத்ததில்லை.

"ஓ, தங்கச்சியே! என்ன, உம்மடை மனுசன் நாளையிண்டைக்கு அழுகிறதுக்கு லேஞ்சி எடுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை அண்ணை... ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டு..."

"என்ன கரைச்சல்?"

"தூரம்தானே. ஸ்னோவும் கொட்டுமாம் எண்டு சொல்லுறாங்கள். எல்லாரும் வெளிக்கிட்டு வாறதெண்டால்..."

"ஓ, இப்ப விளங்குது. உமக்குச் சமையல் கஷ்டம். நீர் ஒண்டும் செய்யாதையும். ரோல்ஸ் நான் கொண்டாறன்."

"அதில்லை அண்ணை. ஆக்கள் கூடினால் அவருக்கு..."

"அதைத்தான் நானும் சொல்லுறன்! ஆக்கள் கூடினால்தான் அவனுக்குத் தெம்பு. வருத்தக்காரனைத் தனிய விடக்கூடாது. இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். இருக்கக் கதிரை காணாது எண்டு யோசியாதையும், என்னட்டை மடக்குக் கதிரை கிடக்கு. நாளைக்கே கொண்டுவந்து தாறன்."

"சரி அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவரில் பிழையில்லை. எங்கள் ஆட்கள் நடுவில் "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பது வரச் சொல்லுகிறதுக்குச் சமம். அப்படிச் சொன்னால்தான் விருந்துக்கு வருகிறவர் "ஒரு கரைச்சலும் இல்லை" என்று வருவார். வீட்டுக்கு வருகிற ஆளைப் பார்த்து வராதே என்று சொல்ல எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. ஆறு பேரைக் குறைக்கப் போய்ப் பத்துப் பேராக்கிவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். "நீங்கள் அப்பாட்டையே சொல்லுங்கோவன் அம்மா" என்றாள். பிறகு, "இல்லாட்டி நான் அந்த மாமாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லட்டே? பிரெஞ்சிலை சொன்னால் மரியாதையாத்தான் கேக்கும்" என்றாள். பகிடிக்குச் சொன்னாளா உண்மையாகச் சொன்னாளா தெரியவில்லை. பிள்ளையைக் கொண்டு சொல்விப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை தொடங்கி இவர் மூன்று ஆட்டம் பார்த்தார். ஒன்றிலும் மனம் இல்லை. சிவப்பின் பின்வரிசையில் ஒருவன் நாளைக்கு விளையாட மாட்டானாம், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னேரம் மகள் வேலைக்குப் போன பிறகு கீழ் வாசல் மணி அடித்தது. அண்ணைதான். வான் வண்டியை ரோட்டில் நின்ற கார்களுக்குப் பக்கத்தில் இரட்டையாக நிற்பாட்டியிருக்கிறாராம், கதிரைகளை எடுக்க ஆராவது இறங்கி வரட்டாம். இவர் எழும்பப் பார்த்தார். "பாரம் தூக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.

அவர் நீலச் சால்வை சுற்றிக்கொண்டு, கதிரைகளை வாசல் மண்டபத்தில் சுவரோடு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த ஓரக் கதிரை உம்மடை மனுசனுக்கு" என்றார். "தோக்கேக்கை வெளியாலை ஓட வசதி."

"அண்ணை, கதிரையைத் திருப்பி ஏத்துங்கோ."

"ஏன், இடம் காணாதோ?"

"நாளைக்கு வராதேங்கோ. ஒருத்தரும் வரவேண்டாம்."

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அவன் சொன்னவனோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

"தங்கச்சி, நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ?"

இல்லை அண்ணை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் திரும்பவும் ரோல்ஸுக்கும் கதிரைக்கும் போய்விடும் என்று பயந்தேன். "அண்டைக்கு அவருக்கு முதல் பாதியிலேயே நொந்தது" என்றேன். "நீங்கள் எல்லாரும் இருந்தபடியால்தான் அவர் வாய் திறக்கேல்லை. நீங்கள் போகுமட்டும் பொறுத்திருந்தவர்."

"முதல் பாதியிலையோ?" என்றார். "நான் பக்கத்திலைதானே இருந்தனான்."

"ஓம். நீங்கள் பக்கத்திலைதான் இருந்தனீங்கள்."

பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அண்ணை இரண்டிரண்டாகக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவிக்கு ஒன்றைத் தூக்கப் போனேன். "விடும், நான் கொண்டுபோறன்" என்றார். கடைசியில், "பேந்து ரெலிபோன் எடுக்கிறன் எண்டு அவனிட்டைச் சொல்லும்" என்றுவிட்டு ஏறினார்.

மேலே வந்தபோது இவர் பல்கனிக் கண்ணாடியோடு நின்றார்.

"கதிரை ஏன் திரும்பிப் போகுது?"

சொன்னேன்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"நெஞ்சு வருத்தம் வந்ததோடை வீட்டை அடைச்சிட்டான் எண்டு சனம் கதைக்கும். விளங்குதே உமக்கு? ஒரு மாசமா இந்த ஒரு நாளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஆட்டத்தைப் பாருங்கோ. நான் ஆட்டத்தை நிப்பாட்டேல்லையே."

"ஆட்டம் மட்டும்தானே ஆட்டம்? நீர் இவ்வளவு காலமா என்னத்துக்கெண்டு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனீர்?"

அது உண்மை. நான் வேறொன்றைக் கேட்டேன்.

"அண்டைக்கு நோகேக்கை ஏன் எழும்பேல்லை?"

அவர் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். "ஆக்கள் இருந்தவை" என்றார் பிறகு.

"அதுதான். அவைக்கு முன்னாலை படுக்க உங்களுக்கு வெட்கம். அவைக்கு முன்னாலை சாகவும் வெட்கப்படுவியள். எல்லாரும் போகுமட்டும் பொறுத்திருந்து, கதவைச் சாத்திப்போட்டு..."

திருமணம் செய்து இவ்வளவு வருடத்தில் அவரைப் பார்த்து இத்தனை சொற்கள் ஒன்றாகச் சொன்னதில்லை. அவர் என்னை அடிக்கவோ கத்தவோ இல்லை, அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் குளிசையும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தேன். குளிசையைப் போட்டார். தண்ணீரைக் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குசினியில் நின்று யோசித்தேன். அவரைக் காப்பாற்றினேனா, அவரிடமிருந்து ஒன்றைப் பறித்தேனா என்று. அண்ணை அந்த நேரம் கதிரைகளோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பார். அவர் மனதில் நான் போட்டதை இனி எடுக்க முடியாது. ஆனாலும் அதே மண்டபத்தில் அவர் அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன் என்றும் பட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தன. எனக்குப் படிப்புக் காணாது, அதை இதைவிடத் தெளிவாக எழுத வரவில்லை.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. ஆட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. அவர் பார்த்தார், நான் பக்கத்தில் இருந்தேன். நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று. இரண்டாம் பாதியில் அவர் சோபாவில் கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுத்தார். அண்ணை தொலைபேசி எடுக்கவில்லை. மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.